அழையாமல் வரும் விற்பனையாளரும் நமது வீட்டு வாசலும்

 



ஒரு வேலை நாளின் முற்பகல் வேளை. வாப்பா கடைக்குச் சென்றுவிட்டார். உம்மா அடுப்படியில் இருக்கிறார். வாசலில் மணி ஒலிக்கிறது. கழுத்தில் அட்டை தொங்க, கையில் பெரிய பையோடு இருவர் நிற்கின்றனர். “ஐந்தே நிமிடம் தாருங்கள். வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்த்தால் மட்டும் போதும்” என்கின்றனர். மறுத்துரைக்கக் கூச்சப்பட்டு உம்மா கதவைத் திறக்கிறார். ஒரு மணித்தியாலம் கழிந்து அவர்கள் வெளியேறும்போது, குடும்பத்துக்குத் தேவையற்ற ஒரு சமையற் பாத்திரத் தொகுதி மேசைமீது இருக்கிறது. பத்து மாதத் தவணைக்குக் கையொப்பமிட்ட தாளும் அதனருகே கிடக்கிறது.

இன்னொரு வீடு. விடுமுறை நாள். வாப்பா சாய்மனைக் கதிரையில் ஓய்வெடுக்கிறார். வாசலில் அழைப்பொலி கேட்கிறது. எட்டு வயது மகன் எழுந்து ஓடுகிறான். “வாப்பா ஊட்டுல இல்ல எண்டு சொல்லுங்க மகன்” என்று தாழ்ந்த குரலில் வாப்பா கூறுகிறார். மகனும் அவ்வாறே சொல்லிவிட்டுத் திரும்புகிறான். வந்தவர் போய்விட்டார். வாப்பாவும் நிம்மதியாகக் கண்ணயர்கிறார்.

இவ்விரு காட்சிகளும் நம்முள் எவருக்கும் புதியவை அல்ல. முதல் வீட்டில் பணம் வீணானது. இரண்டாவது வீட்டில் ஒரு சதமும் செலவாகவில்லை. ஆயினும், அங்கு ஏற்பட்ட இழப்பே பெரிது. தேவை ஏற்படும்போது பொய் சொல்லலாம் என்ற பாடத்தை, தான் உலகிலேயே அதிகம் நம்பும் மனிதரிடமிருந்து ஒரு குழந்தை கற்றுக்கொண்டது.

வேண்டாத விற்பனையாளரை வாசலிலிருந்தே திருப்பியனுப்புவது சிறியதொரு விடயம் போலத் தோன்றலாம். எனினும் வீட்டின் பாதுகாப்பு, பெண்களின் கண்ணியம், பிள்ளைகளின் வாய்மை, வந்தவரின் மானம் ஆகிய நான்கும் அந்த ஒரு நிமிடத்தில் சந்திக்கின்றன. அந்த நிமிடத்தை எவ்வாறு கையாள்வது என்பதை இஸ்லாம் நமக்குத் தெளிவாகவே கற்றுத் தந்திருக்கிறது.

வீடு என்பது அமைதித் தலம்

மனிதருக்கு அவர்களது வீடுகளை அமைதி பெறும் இடமாக ஆக்கியதை, தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் ஸூரா அந்நஹ்லில் (16:80) குறிப்பிடுகிறான். அந்த அமைதியைக் காப்பதற்கான சட்டத்தை ஸூரா அந்நூரின் 27ஆம், 28ஆம் வசனங்களில் காண்கிறோம். பிறர் வீட்டினுள் நுழைய விரும்புபவர் அனுமதி கேட்க வேண்டும். வீட்டாருக்கு ஸலாம் கூற வேண்டும். வீட்டில் எவரும் இல்லையெனில் நுழையக் கூடாது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிச் சென்றுவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்பது அவ்வசனங்களின் கருத்தாகும்.

இவ்வசனத்தை நாம் பெரும்பாலும் விருந்தினரின் கடமையாக மட்டுமே விளங்கிக்கொள்கிறோம். இதில் வீட்டாரின் உரிமையும் அடங்கியுள்ளது என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுவதாயின், அவ்வாறு கூறும் உரிமை வீட்டாருக்கு உண்டு என்பதே பொருள். ஆகவே, “இப்போது வேண்டாம், சென்று வாருங்கள்” என்று கூறுவது முரட்டுத்தனமன்று, பாவமுமன்று. அல்குர்ஆன் வழங்கிய உரிமை அது.

முஹாஜிர்களுள் ஒருவர், ஏதேனுமொரு வீட்டில் தமக்குத் திரும்பிச் செல்லுமாறு கூறப்பட மாட்டாதா, இந்த வசனத்தின்படி மனமகிழ்வோடு திரும்பி அதன் நன்மையை அடைய மாட்டேனா என வாழ்நாள் முழுவதும் ஏங்கியதாக இமாம் கதாதா (ரஹ்) அறிவித்ததை இப்னு கஸீர் (ரஹ்) தமது தப்ஸீரில் எடுத்துரைக்கிறார். மறுக்கப்படுவதை அவமானமாகக் கருதாத சமூகம் அது.

மூன்று முறை அழைத்தால் போதும்

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் ஒரு நாள் கலீபா உமர் (ரழி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கோரினார்கள். கலீபா வேறு அலுவலில் ஈடுபட்டிருந்தமையால் பதில் கிடைக்கவில்லை. அபூ மூஸா (ரழி) திரும்பிச் சென்றுவிட்டார்கள். பின்னர் கலீபா அவரை அழைத்துக் காரணம் கேட்டபோது, மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடின் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை எடுத்துக் கூறினார்கள். அதற்குச் சாட்சி கேட்ட உமர் (ரழி) அவர்களிடம் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் சென்று உறுதிப்படுத்தினார்கள். இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் மிக எளியது. வாசலில் ஒலிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வீட்டாருக்கு இல்லை. தொழுதுகொண்டிருக்கும் உம்மா, குழந்தைக்குப் பாலூட்டும் தாய், நோயாளியைப் பராமரிக்கும் மகள் ஆகியோர் பதற்றத்தோடு எழுந்து ஓட வேண்டியதில்லை. மூன்று முறை அழைத்துப் பதிலில்லாவிடின் திரும்பிச் செல்வது வந்தவரின் கடமை.

பிள்ளையின் நாவில் பொய்யை வைக்காதீர்

சிறுவராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்களை அன்னாரின் தாயார், ஏதோ தருவதாகக் கூறி அழைத்தார். வீட்டில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் எனக் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்).

பிள்ளையை அழைப்பதற்காகச் சொல்லும் சிறு பொய்யே பதியப்படுமாயின், பிள்ளையையே பொய் சொல்லப் பணிப்பது எத்தகையது? இன்று விற்பனையாளரிடம் “வாப்பா வீட்டில் இல்லை” என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளை நம்மிடமே “வகுப்புக்குப் போனேன்” என்று சொல்லும். அப்போது அவனைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி எஞ்சியிருக்கும்?

பொய்க்குப் பதிலாக நமக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பதில் சொல்லாதிருத்தல். இரண்டு, “வாப்பாவால் இப்போது வர இயலாது” என்று உண்மையையே கூறுதல். மூன்று, பெரியவர் ஒருவர் தாமே எழுந்து வந்து மறுத்தல். இவற்றுள் மூன்றாவதே சிறந்தது. சிறு பிள்ளைகளைத் தனியே வாசலுக்கு அனுப்புவதையே தவிர்க்க வேண்டும். கதவைத் திறப்பது பெரியவரின் பொறுப்பு என்பதை வீட்டின் நிலையான சட்டமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் ஒரு பெண் அதை அந்நியரிடம் அறிவிக்க வேண்டியதில்லை. “வீட்டில் யாருமில்லை, பிறகு வாருங்கள்” என்ற சொல், கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்குப் பயனுள்ள செய்தியாகிவிடும். “எங்களுக்குத் தேவையில்லை” என்பது போதுமான பதில். உண்மையான பதிலும் அதுவே.

வாசலில் நடப்பது என்ன?

வீடு வீடாக விற்பவர்களுள் நேர்மையாளர் பலர் உள்ளனர். எனினும் நிறுவனங்கள் சில, தமது ஊழியருக்குச் சில உத்திகளைப் பழக்கி அனுப்புகின்றன. அவற்றை அறிந்துகொண்டால் அரைவாசிப் பாதுகாப்புக் கிடைத்துவிடும்.

முதலாவது உத்தி, சிறிய ஒரு சம்மதத்தைப் பெறுவது. ஒரு கோப்பை தண்ணீர் கேட்பர். அல்லது ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தருமாறு வேண்டுவர். சிறியதற்கு இணங்கியவருக்குப் பெரியதை மறுப்பது கடினம் என்பதை அவர்கள் அறிவர்.

இரண்டாவது, இலவசப் பரிசு. ஒரு கரண்டியையோ பேனையையோ கையில் திணித்துவிட்டால், பெற்றவருக்கு நன்றிக்கடன் உணர்வு உண்டாகிறது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கடனும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, அவசரம். “இன்று மட்டுமே இந்த விலை” என்பர். கணவரிடமோ பிள்ளைகளிடமோ கலந்தாலோசிக்கும் வாய்ப்பை அகற்றுவதே இதன் நோக்கம். நாளை வரை காத்திருக்க முடியாத பேரம், பெரும்பாலும் வாங்கக் கூடாத பேரமே.

நான்காவது, காரணம் கேட்பது. “ஏன் வேண்டாம்?” என்று வினவுவர். நாம் ஒரு காரணத்தைச் சொன்னவுடன் அதற்கொரு பதில் ஆயத்தமாக இருக்கும். பணமில்லை என்றால் தவணை உண்டு என்பர். கணவரைக் கேட்க வேண்டும் என்றால் தொலைபேசியில் இப்போதே கேளுங்கள் என்பர். ஆகையால் காரணம் கூறாதிருப்பதே சிறந்தது. வேண்டாம் என்பதற்கு விளக்கம் கடமையன்று.

நமது ஊர்களில் மரியாதை கருதிப் பலரும் “பிறகு பார்ப்போம்” என்கின்றனர். நமக்கு அது மறுப்பு. விற்பனையாளருக்கோ அது அழைப்பு. அடுத்த வாரம் அவர் மீண்டும் வரும்போது, சொன்ன சொல்லைக் காக்காதவராக நாமே ஆகிவிடுகிறோம். வாங்கும் எண்ணமில்லாவிடின் அவ்வாறு கூறாதீர்.

கைக்கொள்ள வேண்டிய வழிமுறைகள்

முதலில் பூட்டும் தாளும். கேற்றை உள்ளிருந்து தாளிட்டு வையுங்கள். வந்தவர் கேற்றுக்கு வெளியே நிற்கும்போது மறுப்பது எளிது. முன் விறாந்தையில் அமர்ந்துவிட்டால் கடினம். மண்டபத்தில் பையைத் திறந்துவிட்டால் மிகக் கடினம். கேற் இல்லாத வீடுகளிலும் தொடர்மாடிகளிலும் கதவுச் சங்கிலியோ கம்பிக் கதவோ இதே பணியைச் செய்யும். யன்னல் வழியாகப் பேசி முடித்துக்கொள்வதும் போதுமானது.

இரண்டாவதாக, ஓர் அறிவித்தல் பலகை. “முன் அனுமதியின்றி விற்பனையாளர்களும் நிதி சேகரிப்போரும் வரவேண்டாம். நன்றி” என்ற ஒரு வரி போதுமானது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, மணிக்கு அருகே கண்ணில் படும்படி வையுங்கள். கண்ணியமானவர் அதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வார். படித்த பின்னரும் மணியடிப்பவரிடம் நீண்ட பேச்சுத் தேவையில்லை. பலகையைச் சுட்டிக்காட்டினால் போதும். நிந்தனைச் சொற்களையோ நாய் பற்றிய பொய் எச்சரிக்கையையோ எழுதுவது நமக்கு அழகன்று.

மூன்றாவதாக, ஒரே வாக்கியம். “தம்பி, எங்களுக்குத் தேவையில்லை. அல்லாஹ் உங்களுக்கு வேறிடத்தில் பறக்கத் செய்வானாக” என்று கூறுங்கள். பிற சமயத்தவராயின் “நன்றி, தேவையில்லை” என்று முடியுங்கள். அவர் தொடர்ந்தால் அதே வாக்கியத்தை அதே தொனியில் மீண்டும் கூறிவிட்டு உள்ளே சென்றுவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

நான்காவதாக, வாசலில் கையொப்பமும் கொடுப்பனவும் வேண்டாம். எதை வாங்குவதாயினும் ஓரிரவு சிந்தித்து, கடையில் விலை விசாரித்து, பின்னரே தீர்மானியுங்கள். தேசிய அடையாள அட்டையையோ அதன் பிரதியையோ வங்கிக் கணக்கு இலக்கத்தையோ கொடுக்காதீர். உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர். மின்மானியோ நீர்மானியோ பார்க்க வந்ததாகக் கூறுபவரிடம் அலுவலக அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஐயமிருப்பின் பற்றுச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்த பின்னரே கேற்றைத் திறவுங்கள்.

கடன் வழங்க வீடு தேடி வருவோர் பற்றியும் கூற வேண்டும். அவசரத் தேவையில் இருக்கும் தாய்மாரைத் தேடி வட்டிக் கடன் வாசலுக்கே வருகிறது. நமக்கு அது ஹராம் என்பது ஒருபுறம். வாரந்தோறும் தவணை கேட்டு அதே வாசலில் நிற்போரால் அக்குடும்பத்தின் மானம் வீதிக்கு வருவது மறுபுறம். குடும்பத்துக்கும் மஹல்லாவுக்கும் தெரியாமல் இத்தகைய தாளில் எவரும் கையொப்பமிடலாகாது. ஆட்களைச் சேர்த்தால் இலாபம் என்று கூறும் பிரமிட் திட்டங்களும் இவ்வாறே வருகின்றன. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அவை இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன. உறவினர் ஒருவர் அழைத்து வந்தாலும் தடை தடையே.

முதியோரைத் தனியே விடாதீர்

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழருக்கு, கொடுக்கல் வாங்கலின்போது ஏமாற்றுதல் கூடாது என முன்கூட்டியே சொல்லிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஏமாந்தவரை நபியவர்கள் ஏளனம் செய்யவில்லை; அவருக்கு ஒரு பாதுகாப்புச் சொல்லை அளித்தார்கள்.

நமது வீட்டு முதியோருக்கும் அத்தகைய ஒரு சொல் தேவை. “மகனைக் கேட்காமல் நான் எதுவும் வாங்குவதில்லை” என்ற வாக்கியத்தை வாப்பும்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் பழக்கிக் கொடுங்கள். மகனது தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள். ஏமாந்துவிட்டால் கடிந்துகொள்ளாதீர். கடிந்தால், அடுத்த முறை நடந்ததை நம்மிடம் மறைத்துவிடுவார்கள்.

நிதி கேட்டு வருவோர்

ரமழான் மாதத்தில் நமது வாசல்களுக்கு அதிகம் வருவோர் விற்பனையாளரல்லர், உதவி கோருவோர். யாசிப்பவரை விரட்ட வேண்டாம் என ஸூரா அள்ளுஹாவில் (93:10) அல்லாஹ் கட்டளையிட்டுள்ளான். நோவினை தொடரும் தர்மத்தைவிட நல்ல சொல்லும் மன்னிப்பும் மேலானவை எனவும் (2:263) கற்பித்துள்ளான். எனவே, கொடுக்க இயலாவிட்டாலும் இனிய சொல்லோடு அனுப்புவது நம் கடமை.

ஆயினும் விசாரிப்பது தவறன்று. கபீஸா இப்னு முகாரிக் (ரழி) அவர்களிடம், மூவருக்கு மட்டுமே பிறரிடம் கேட்பது ஆகும் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பிறருக்காகக் கடன் பொறுப்பை ஏற்றவர், அனர்த்தத்தால் சொத்தை இழந்தவர், வறுமையுற்றவர் என்போரே அம்மூவர். மூன்றாமவரின் வறுமையை அவரது சமூகத்தைச் சேர்ந்த அறிவுள்ள மூவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அந்த ஹதீஸில் உள்ளது (முஸ்லிம்). பள்ளிவாசல் நிருவாகத்தின் கடிதத்தைக் கேட்பதும், கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்வதும் இந்த வழிகாட்டலுக்கு இசைவானவையே. மத்ரஸாவின் பெயரில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருபவரிடம், “எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் ஊடாகத் தருகிறோம்” என்று கூறினால், உண்மையானவருக்கு அதில் வருத்தம் இராது.

சட்டத்தின் உதவி

வெளியேறுமாறு கூறிய பின்னரும், வீட்டாரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வீட்டெல்லைக்குள் தங்கி நிற்பது இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின்படி அத்துமீறலாகும். அந்நிலையில் அயலவரை உரத்துக் கூப்பிடுங்கள். 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். ஏமாற்றி விற்கப்பட்ட பொருள் குறித்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தின் மூலம் முறையிடலாம். முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு அவசியம். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்.

வாசலில் நிற்பவரும் ஒரு மனிதரே

அன்பு நேயர்களே! இந்நாட்டு முஸ்லிம்களின் வரலாற்றில் வாசலில் நின்று விற்றவர்கள் நம் முன்னோர்களே. கண்டி இராச்சியத்தின் மலைக் கிராமங்களுக்கு எருதுகளின் மீது உப்பும் கருவாடும் துணியும் ஏற்றித் தவளம் கொண்டு சென்றார்கள். தலையில் பொட்டணி சுமந்து, பின்னர் துவிச்சக்கர வண்டியில் கட்டி, வெயிலிலும் மழையிலும் அலைந்து நம் பெற்றோரை வளர்த்தார்கள். ஆகவே, வாசலில் நிற்கும் இளைஞனைக் காணும்போது நம் பாட்டனாரை நினைவுகூருங்கள். தாகத்தோடு நிற்பவருக்குக் கேற்றுக்கு வெளியே ஒரு கோப்பை தண்ணீர் கொடுப்பது ஸதகாவாகும். தண்ணீர் கொடுப்பது வேறு. பொருளை வாங்குவது வேறு. இரண்டையும் பிரித்தறியப் பழகினால், மறுப்பதிலும் கருணை இருக்கும்.

விற்பனைத் தொழிலில் ஈடுபட்டுள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறர் வீட்டு வாசலுக்கு வரும்போது நபி (ஸல்) அவர்கள் கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் (அபூதாவூத்). பார்வையைக் காப்பதற்காகவே அனுமதி கோருவது விதிக்கப்பட்டது என்றும் அன்னார் விளக்கியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகையால் ஒதுங்கி நில்லுங்கள். உள்ளே எட்டிப் பார்க்காதீர். யாரென்று கேட்டால் பெயரையும் நிறுவனத்தையும் சொல்லுங்கள். மூன்று முறைக்கு மேல் அழைக்காதீர். சத்தியம் செய்து விற்காதீர். அது பொருளை விற்றுத் தரும், பறக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி, முஸ்லிம்). வேண்டாம் என்ற சொல் கேட்டால் புன்னகையோடு திரும்புங்கள். விற்பனை இல்லாவிட்டாலும், அல்குர்ஆனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த நன்மை உங்களுக்கு எழுதப்படும்.

இன்றிரவு உணவின்பின் குடும்பமாக அமர்ந்து, நம் வீட்டு வாசலுக்கான மூன்று விதிகளைத் தீர்மானித்துக்கொள்வோமாக. யார் கதவைத் திறப்பது? என்ன வாக்கியம் சொல்வது? ஐயமேற்பட்டால் யாரை அழைப்பது? இவற்றைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். பொய்யின்றி, அச்சமின்றி, எவர் மனமும் நோகாமல் மறுக்க முடியும் என்பதை அவர்கள் நம்மிடமே கண்டு கற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நமது இல்லங்களை அமைதியின் உறைவிடங்களாக ஆக்குவானாக! நமது நாவுகளை உண்மையிலும் இனிமையிலும் நிலைக்கச் செய்வானாக! ஹலாலான உழைப்பைத் தேடி வீதிகளில் அலையும் அனைவருக்கும் விசாலமான வாழ்வாதாரத்தை வழங்குவானாக! ஆமீன்.